கன்னத்தில் ஐந்து கிளைகள்

திங்கட்கிழமை மழையில் வழுக்கிய சைக்கிள் வீப்கேயுடையது. அதில் இடிபட்டு விழுந்தவன் யார் வீட்டுப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் பெரிய இடத்துப் பிள்ளை என்பது விழுந்த விதத்திலேயே தெரிந்தது. சாதாரண மனிதர்கள் தொப்பென்று விழுவார்கள். இவனோ, ஊர் நடுவில் நின்ற சிலையை அரசு மரியாதையோடு இறக்கி வைத்ததைப் போல விழுந்தான்... குடை ஒரு பக்கம், தோல்பை ஒரு பக்கம், உடற்கூறியல் கூடத்தின் வாசற்படியில் அவன்.

“ஐயோ, ஸாரி! பிரேக் பிடிக்கல... அடி பட்டுச்சா?”

அவன் வலது மணிக்கட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு, கண்ணை மூடியபடி அறிவித்தான். “முன்கை எலும்பு. கீழ் முனை. முறிவு... சந்தேகமே இல்ல.”

“காட்டுங்க.”

“தொடாதீங்க! நான் மருத்துவ மாணவன். எனக்குத் தெரியும்.”

“நான் ஏழு வருஷம் ஆம்புலன்ஸ்ல ஓடினவ. எனக்கும் கொஞ்சம் தெரியும். விரலை மடக்குங்க... ம்... இப்ப கையை இப்படித் திருப்புங்க. வலிக்குதா?”

“வலிக்...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். வலிக்கவில்லை.

அப்போதுதான் கண்ணைத் திறந்தான். இமையில் மழைத்துளி... சாம்பலா நீலமா என்று தீர்மானிக்க முடியாத கண்கள். வீப்கே வட கடற்கரைப் பெண். மேகம் கவிந்த கடலுக்கு இந்த நிறம் வருவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் கடல் அவளைத் திருப்பிப் பார்த்ததில்லை.

“எலும்பு நல்லா இருக்கு,” என்றாள், அவன் கையைச் சட்டென்று விட்டு. “கொஞ்சம் பந்தாவுலதான் அடி. ரெண்டு நாள்ல வீக்கம் வடிஞ்சிடும்.”

சொல்லிவிட்டு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பத்து நிமிடத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டி உடல் அறுத்துப் படிக்கும் ஏழாம் மேசைக்குப் போனால்... அந்த மேசைக்கு இந்தப் பருவத்துக்குப் புதிதாகப் பயிற்றுநராக வந்திருந்த மூத்த மாணவன், கோட்டின் நெஞ்சில் நீல நூலால் பெயர் பின்னப்பட்டு, முதுகு நிமிர்ந்து, அங்கே நின்றிருந்தான். ஹென்னிங் ஓவர்பெக்.

அந்தப் பெயரை அவள் தினமும் பார்க்கிறாள். கூடத்துக்கு வரும் தாழ்வாரத்தில், தங்கச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் தாத்தா ஓவர்பெக்கைத் தாண்டாமல் யாரும் உள்ளே வர முடியாது. அவர் பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி அடித்திருந்தார்கள். வியாழக்கிழமை அப்பா ஓவர்பெக்கும் அங்கே மாட்டப்படுவதாக ஏற்பாடு. அதற்கடுத்து இன்னொரு படத்துக்கும் சுவரில் இடம் இருந்தது. அந்த இடம் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஹென்னிங்குக்கும் தெரியும். அவன் முதுகு அவ்வளவு நிமிர்ந்திருந்ததற்கு அதுதான் காரணம்.

“கை எப்படி இருக்கு டாக்டரய்யா?” என்று கேட்டாள், அடக்க முடியாமல்.

மேசையைச் சுற்றி நின்ற எட்டுப் பேரும் திரும்பினார்கள். அவன் காது மடல் மெல்லச் சிவந்தது.

“முகத்துக்கு ரத்தம் எந்தக் குழாய் வழியா வருதுன்னு இன்னிக்குப் பாப்போம்,” என்றான்.

“வந்துகிட்டு இருக்கு... தெரியுது,” என்றாள் வீப்கே.

சிரிப்பெல்லாம் கூடத்துக்குள்தான். அறைக்குத் திரும்பினால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை டெஸ்டாட். தலை கழுத்துப் பகுதிக்கான வாய்மொழித் தேர்வு. அவள் அதில் இரண்டு முறை தோற்றுவிட்டாள். மூன்றாவது முறையும் தோற்றால் இந்தக் கல்லூரியில் மட்டுமல்ல, நாட்டில் எந்தக் கல்லூரியிலும் அவள் மருத்துவம் படிக்க முடியாது. பள்ளி மதிப்பெண் போதாமல் ஏழு வருடம் வரிசையில் காத்திருந்து வாங்கிய இடம். அந்த ஏழு வருடமும் ஆம்புலன்ஸில் நோயாளிகளை ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, கதவு மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். அந்தக் கதவுக்கு உள்ளே போகத்தான் இத்தனையும்.

உடம்பு அவளுக்குத் தெரியும். தேர்வு எடுக்கும் பேராசிரியர் டாக்டர் டாக்டர் ராடமாகரைத்தான் தாங்க முடியவில்லை. வாங்கியது இரண்டு டாக்டர் பட்டம், அதில் ஒன்றை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கேள்வி கேட்டதும் ஒரு புருவத்தை உயர்த்தி “ம்...?” என்பார். அந்த ஒரு ‘ம்’மில் வீப்கே படித்த லத்தீன் பெயர்களெல்லாம் ஜன்னல் வழியே பறந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை ஹென்னிங் அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தினான்.

“உங்களுக்கு மூணாவது தடவைன்னு கேள்விப்பட்டேன். நான் வேணா சொல்லித் தர்றேன். எங்க தாத்தா படிக்கறதுக்கு ஒரு முறை வச்சிருந்தார்... எங்க குடும்பத்துல எல்லாரும் அப்படித்தான்...”

“எங்க குடும்பத்துல அப்பா படகுல மீன் இறக்கறவர்,” என்றாள் வீப்கே. “எங்களுக்குச் சுவத்துல படம் கிடையாது, காலண்டர்தான். பாஸ் ஆனா நானே ஆகிக்கறேன். ஓவர்பெக் வீட்டுப் புண்ணியத்துல பாஸ் ஆனாள்னு ஒருத்தர் சொல்லக் கூடாது.”

அவன் முகம் சின்னதாகிவிட்டது. போய்விட்டான். ‘நல்லா கொடுத்தடி,’ என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். அந்த மெச்சல் புதன்கிழமை மத்தியானம்வரை தாங்கியது. புத்தகத்தில் முக நரம்பின் கிளைகளை ஏழாவது தடவையாக எண்ணியபோது நான்குதான் வந்தது. ஐந்தாவது எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

வியாழன் மத்தியானம் பயிற்றுநர் அறைக் கதவைத் தட்டினாள்.

“சொல்லிக் கொடுங்க,” என்றாள் தரையைப் பார்த்து. “ஆனா உங்க தாத்தா முறை வேணாம்.”

அவன் சிரிக்கவில்லை. நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “தாத்தா முறை எனக்கே புரிஞ்சதில்ல,” என்றான். “அதை வெளிய சொல்லிடாதீங்க. இந்தாங்க, முகம்... வரைங்க.”

“எங்க?”

“என் கன்னத்துல. புத்தகத்துல இருக்கற முகத்துக்கு வெக்கமே கிடையாது. எவ்வளவு பாத்தாலும் சும்மா இருக்கும். உயிருள்ள முகத்துல வரைஞ்சா மறக்காது.”

பாடப் படங்களில் நரம்பென்றால் மஞ்சள். மேசையிலிருந்த மஞ்சள் பேனாவை எடுத்தாள். காது மடலுக்கு முன்னால் ஒரு புள்ளி... அங்கிருந்து முதல் கோடு நெற்றிப்பொட்டுக்கு. இரண்டாவது கன்ன எலும்புக்கு. மூன்றாவது மேலுதட்டை நோக்கி... அவன் மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது. ஜன்னல் கண்ணாடியில் மழை தானும் கோடு வரைந்துகொண்டிருந்தது.

“தாடை ஓரத்துல ஒரு நாடி ஓடும், அதுக்கு மேல குறுக்கால போறது நாலாவது...” என்றான்.

இரண்டு விரலை அங்கே வைத்தாள். பழக்கத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.

“நூத்திப் பத்து,” என்றாள். “ஓடி வந்தீங்களா?”

“காபி...”

“எத்தனை கப்?”

“இன்னிக்கு இன்னும் குடிக்கல,” என்று உண்மையைச் சொல்லிவிட்டு அவன் கூரையைப் பார்த்தான்.

வீப்கே நான்காவது கோட்டைத் தாடையோரம் இழுத்தாள். ஐந்தாவது கோட்டைக் கழுத்துக்கு இறக்கினாள். இந்தத் தடவை ஒன்றும் தொலையவில்லை... ஐந்தும் ஐந்தாக, வலது கன்னம் முழுக்க, கடுகுச் சாந்தின் நிறத்தில் விரிந்து கிடந்தது.

துடைக்கப் பஞ்சை எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தோலில் எழுதும் பென்சில் அலமாரியில் பத்திரமாக இருந்தது. அவள் கையிலிருந்தது, கூடத்தில் நரம்புகளில் கட்டும் அட்டைகளைக் குறிக்கும் பேனா. இரண்டு வருடம் மருந்து நீரில் ஊறினாலும் அழியக் கூடாது என்பதற்காகவே செய்த மை. தண்ணீர் போட்டார்கள். சோப்பு போட்டார்கள். ஸ்பிரிட் போட்டார்கள். கன்னம் சிவந்தது. கோடு அப்படியே இருந்தது... சிவப்புப் பின்னணியில் இன்னும் எடுப்பாக.

“மணி என்ன?” என்றான் ஹென்னிங்.

“நாலே முக்கால்.”

“அஞ்சு மணிக்கு அப்பா பட விழா. நான்தான் பேசணும்.”

“ஐயையோ... உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க! நான் போய்ச் சொல்லட்டுமா?”

அவன் கண்ணாடியில் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “வேணாம்,” என்றான். “வாங்க போகலாம்.”

தாழ்வாரம் நிறைந்திருந்தது. மாணவர்கள் கையில் ஒயினும் உப்பு பிரெட்ஸல் ரொட்டியும். முன்வரிசையில் டாக்டர்கள், டாக்டர் டாக்டர்கள். திரை விலகி அப்பா ஓவர்பெக்கின் படம் வெளிவந்தது. நேரில் உள்ளவரைவிடப் படத்தில் ஒரு சாண் உயரம் கூடுதல். கைதட்டல் ஓய்ந்து மகன் மேடையேறினான்... வலது கன்னம் கூட்டத்தின் பக்கம் திரும்பியது... யாரோ ஒயினைத் துப்பிவிட்டார்கள்.

“ஹென்னிங்!” என்றார் அப்பா, உதடு அசையாமல். “மூஞ்சியில என்னடா அது?”

“நரம்புப்பா.”

“இது என்ன கேலிக்கூத்து? யார் செஞ்ச வேலை?” என்றார் பேராசிரியர் ராடமாகர்.

ஹென்னிங் எழுதி வந்த உரைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். “நல்லா படிக்கிற ஒருத்தர் வரைஞ்சது, பேராசிரியர். பேர் சொல்ல மாட்டேன். கிட்ட வந்து பாருங்க, ஒரு கிளைகூடத் தப்பில்ல. இந்தத் தாழ்வாரத்துல மூணு ஓவர்பெக் முகம் இருக்கு... இந்த முகத்துலதான் யாராவது ஏதாவது கத்துக்க முடியும்.”

வீப்கே தூணோரம் நின்றிருந்தாள். பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம்... ஆனால் அவன் ஒருத்தன் மட்டும் அங்கே மஞ்சளாக நிற்பதை அவளால் பார்க்க முடியவில்லை. பிரெட்ஸல் பிடித்த கையைத் தூக்கினாள்.

“நான்தான் வரைஞ்சேன்.”

ராடமாகரின் ஒற்றைப் புருவம் மெல்ல உயர்ந்தது. “ஓ... நாளைக்கு மூன்றாம் முறை வர்றவங்க. ம்...? பாப்போம்.”

வெள்ளிக்கிழமை காலை. மூன்றாம் முறைத் தேர்வு தனி அறையில் நடக்கும். மேசையில் ஒரு மண்டையோடு, பாதி பிளந்த முக மாதிரி. கேள்வி பதிலை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்ள அந்த மேசையின் பயிற்றுநர் உடனிருக்க வேண்டும் என்பது விதி. ஹென்னிங் எழுதும் அட்டையோடு வந்தான். ராத்திரி முழுக்கத் தேய்த்தும் கோடு ஐந்தும் அப்படியே பளிச்சென்று இருந்தன.

அவனைப் பார்த்ததும் வீப்கேக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே போனது.

“பேராசிரியர், ஒரு வேண்டுகோள்,” என்றாள் வீப்கே. “இவர் முகத்துல விடை இருக்கு. இவரைப் பாத்துச் சொன்னேன்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது. இவர் சுவத்தைப் பாத்து நிக்கட்டும்.”

ராடமாகர் ஹென்னிங்கைப் பார்த்தார். ஹென்னிங் மூலைக்குப் போய், அட்டையைச் சுவரில் சாய்த்துப் பிடித்து, முதுகைக் காட்டி நின்றான். வீட்டுப்பாடம் செய்யாத பையனைப் போல. ஓவர்பெக் பரம்பரை அந்தக் கட்டடத்தில் இப்படி நின்றது அதுவே முதல் முறை.

“முக நரம்பு, காதுக்கு முன்னால இருக்கற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ள போகுது. அப்போ அந்தச் சுரப்பியை இயக்கறது அதுதான். ம்...?”

புருவம் உயர்ந்தது. லத்தீன் பெயர்கள் இறக்கையைச் சிலிர்த்தன... வீப்கே கண்ணை மூடினாள். விரல் நுனியில் ஒரு தாடையின் சூடு தெரிந்தது.

“இல்ல. அது சுரப்பி வழியா நடந்து போகுது, அவ்வளவுதான். இயக்கறது வேற, ஒன்பதாவது நரம்பு. நடந்து போறவரெல்லாம் வீட்டுக்காரர் ஆயிட முடியாது.” ஐந்து கிளைகளையும் வரிசையாக, லத்தீனிலேயே சொன்னாள்.

“ஒருத்தருக்கு வாய் ஒரு பக்கம் தொங்குது. ஆனா ரெண்டு பக்கமும் நெத்தியைச் சுருக்க முடியுது. கோளாறு எங்க?”

அவள் கண்ணைத் திறந்தாள். இது புத்தகம் இல்லை... இது அவள் ஏழு வருடம். “நரம்புல இல்ல, மேல, மூளையில... பக்கவாதம். நெத்திக்கு ரெண்டு பக்கத்து மூளையும் ஆளனுப்பும், அதனால அது தப்பிச்சிடும். இப்படி எத்தனை பேரை ஏத்தியிருக்கேன்... அப்போ நான் பேர் யோசிச்சுகிட்டு நிக்க மாட்டேன் பேராசிரியர், சைரனைப் போடுவேன்.”

புருவம் இறங்கியது. முதல் முறையாக அவர் முகம் மற்றவர்கள் முகம் போலிருந்தது. “தேர்ச்சி,” என்றார். எழுந்து, கதவருகே நின்று, “என் அம்மாவுக்கு அப்படித்தான் வந்துச்சு. உங்களை மாதிரி ஒருத்தர்தான் வந்தாங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு மூடியது.

“திரும்பலாமா?” என்றது மூலை.

“வேணாம். அப்படியே நில்லுங்க. உங்களைப் பாத்தா எனக்கு வராது...” மூச்சை இழுத்தாள். “செவ்வாய்க்கிழமை உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. உங்க பேரைக் கண்டுதான் பயந்தேன். அந்தப் பேருக்குள்ள இப்படி ஒருத்தர் இருப்பார்னு தெரியாது. நேத்து அத்தனை பேர் முன்னாடி நின்னீங்களே... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு ஹென்னிங். ரொம்ப... ரொம்பவே.”

சுவரோரம் பேனா கரகரவென்று ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“என்ன பண்றீங்க?”

“எழுதறேன். ஒரு சொல் விடாம எழுதணும்னு விதி.”

“அடப்பாவி! அது பேராசிரியர் கையெழுத்துக்குப் போற தாள்!”

“தெரியும். அதனால பதிலையும் எழுதிட்டேன்.”

திரும்பினான். கன்னத்தின் மஞ்சளுக்கு அடியில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. தாளை நீட்டினான். அவள் சொன்ன அத்தனையும், அந்த ‘ரொம்பவே’ உட்பட, அழகான கையெழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒரே வரி:

‘பதில்: எனக்கும்... திங்கட்கிழமையிலிருந்தே.’