எர்த் இல்லாத வண்டி

அந்த மழைச் சாயங்காலத்தில் அங்கே இருந்தவர்கள்: பழைய ஆம்புலன்ஸ் ஒன்றை வீடாக மாற்றி அதிலேயே குடியிருக்கும் அவள், அவளுடைய மாமனார், இப்படிப்பட்ட வண்டிகளுக்கு நிறுத்த இடமும் கரண்ட்டும் வாடகைக்கு விடும் அக்கா, எல்லோரும் 'ப்யூஸ்' என்று கூப்பிடுகிற, அக்காவின் தம்பியான எலெக்ட்ரீஷியன். அவளுடைய கணவன் இல்லை. போன மழைக்காலத்தில் செத்துப்போயிருந்தான்.

கம்பத்திலிருந்து கேபிளை இழுத்து வண்டியின் பக்கவாட்டில் சொருகியிருந்தாள். குடம் எடுக்க இறங்கினாள். கால் சேற்று நீரில், கை கதவின் கைப்பிடியில்... உடம்பை யாரோ பிடித்து உலுக்கியது போல் இருந்தது. அதே நொடியில் இடம் முழுக்க விளக்கு அணைந்தது.

"யாருங்க அது, மொத்த கரண்ட்டையும் காலி பண்ணினது?"

டார்ச்சோடு வந்த ப்யூஸ் அவள் முகத்தில் வெளிச்சத்தை அடித்தான். இமைகளில் மழைத்துளி. பெரிய கண்கள்... ரொம்ப நாளாகத் தூங்காத கண்கள். திட்ட வந்தவனுக்குத் திட்டு மறந்துபோயிற்று.

"கை மரத்துப்போச்சு," என்றாள்.

"கதவைத் தொட்டீங்களா?"

"என் வீட்டுக் கதவைத் தொடறதுக்கு உங்ககிட்ட கேக்கணுமா?"

அவன் கம்பத்து ப்ரேக்கரைத் தூக்கிவிட்டு வந்து, கைப்பிடியில் டெஸ்டரை வைத்தான். டெஸ்டர் எரிந்தது. உடனே கேபிளைப் பிடுங்கினான்.

"வண்டி பாடி முழுக்க கரண்ட் நிக்குது. உள்ள இருந்தா ஒண்ணும் தெரியாது. ஈரத் தரையில கால் வச்சுட்டு வண்டியைத் தொட்டா உங்க வழியா இறங்கும். எங்க கம்பத்துல சேஃப்டி ப்ரேக்கர் இருக்கு, தட்டி கரண்ட்டை நிறுத்திடுச்சு. இல்லாட்டி..."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி இப்படி நின்னு சண்டை போட ஆள் இருந்திருக்காது."

"நல்லதுதானே."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தான்.

"என் பையன் போட்ட ஒயரிங், தம்பி!" என்று உள்ளேயிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "இன்ஜினியர் எவனுக்கும் வராது."

ப்யூஸ் ஒயர்ப் பெட்டியைத் திறக்கப் போனான். அவள் குறுக்கே நின்றாள்.

"அவர் முறுக்கின ஸ்க்ரூ. யாரும் கை வைக்க வேண்டாம்."

"அப்ப கரண்ட் கிடையாது."

"வேண்டாம்."

வண்டி பேட்டரியில் ஒரு சின்ன பல்பை எரியவிட்டு நாட்களை ஓட்டினாள். போனுக்கு மட்டும் சார்ஜ் போட அக்காவின் ஆபீஸுக்கு வந்தாள். முதல் நாள் மேஜையைப் பார்த்துப் பேசினாள். அப்புறம் அவனைப் பார்த்து.

"ப்யூஸ்னு ஏன் பேரு?"

"சட்டுனு எரிஞ்சு போயிடுவேனாம். அக்கா வச்சது."

"என்கிட்ட எரியலையே..."

"ஆள் பார்த்துத்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் சிரிப்புச் சத்தம் தனக்கே யாருடையதோ போல் இருந்தது. அன்று முழுக்கத் தன்னைத் திட்டிக்கொண்டாள். மறுநாளும் போனாள்... போனில் சார்ஜ் முக்கால்வாசி இருந்தது.

"டேய், வந்தப்பவே போன் எண்பதுல இருந்துச்சு," என்றாள் அக்கா, அவள் போன பிறகு. "எதுக்கு வந்தாளாம்?"

"நீ கணக்கைப் பாருக்கா."

பல்பும் மங்கிப்போன நாளில், மாமனார் தட்டுத்தடுமாறிப் படியில் விழப் பார்த்தார். அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தானே வந்தாள். "திறங்க."

பெட்டிக்குள் எல்லாம் அழகாகக் கட்டியிருந்தது. பச்சை எர்த் ஒயர் மட்டும் நடுவில் வெட்டி, முனையில் டேப் சுற்றியிருந்தது. தண்ணீர் ஹீட்டரைச் சோதித்தான். கரண்ட் கசிவு.

"ஹீட்டர்ல கரண்ட் கசியுது. எர்த் இருந்தா ஒவ்வொரு தடவையும் ப்ரேக்கர் தட்டும். தட்டக்கூடாதுன்னு யாரோ எர்த்தையே வெட்டிட்டாங்க. அந்தக் கரண்ட்தான் பாடியில நிக்குது."

"யாரோ இல்ல, அவர்தான். முன்னாடி ஒரு இடத்துல ஹீட்டர் போட்டாலே கரண்ட் போயிடும். ஒருநாள், சரி பண்ணிட்டேன்னு சிரிச்சுக்கிட்டு வந்தார். அதுக்கப்புறம் போகவே இல்ல."

அவன் கை நின்றது.

"அவர் இருந்தப்ப கடைசியா நிறுத்தின இடத்துல இந்த மாதிரி ப்ரேக்கர் இருந்துச்சா?"

"வெறும் ஸ்விட்ச்தான். ஏன்?"

அவன் தலையைத் தூக்கவில்லை. அவள் கதவைப் பார்த்தாள். பிறகு தரையை.

"அவர் இந்தக் கதவுக்குக் கீழதான் கிடந்தார்," என்றாள் மெதுவாக. "நல்ல மழை. டாக்டர் ஹார்ட்டுன்னு சொன்னார்... இதாலயா?"

இல்லை என்று சொன்னால் போதும். அவள் இங்கேயே இருப்பாள். நாளைக்கும் போனோடு வருவாள். அது அவனுக்குத் தெரியும். அவளுடைய கண்கள் அவனைவிட்டு நகரவில்லை.

"இதாலதான்னு நினைக்கிறேன்."

அவள் அழவில்லை. படியில் உட்கார்ந்தாள்.

"மாமாவுக்குத் தெரிய வேண்டாம். அவருக்கு ஹார்ட்டுன்னே இருக்கட்டும்."

ஹீட்டரைக் கழற்றினான். பச்சை ஒயரை இணைத்தான். கைப்பிடியில் டெஸ்டர் எரியவில்லை.

"என்ன தம்பி, எங்கயாவது சின்ன லூஸா?" என்றார் மாமனார் ஜன்னல் வழியாக.

"ஆமாங்கய்யா, சின்ன லூஸ்தான். மத்தபடி வேலை சுத்தம்."

"நான் சொல்லல?"

மறுநாள் மாமனார் தூங்கும் நேரத்தில் அவள் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் வந்து நின்றான்.

"கிளம்புறீங்களா? எங்க போவீங்க?"

"எங்கயாவது."

"உங்களைப் பிடிச்சிருக்கு," என்றான். வேறு வார்த்தை வரவில்லை.

"தெரியும். எனக்கும்தான்." வியாதியைச் சொல்வது போலச் சொன்னாள்.

"அப்ப இருங்க. ஐயாவை நான் பார்த்துக்கறேன்."

"என் வீட்டுக்காரர் எப்படிச் செத்தார்னு உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். உங்க முகத்தைப் பார்க்கிறப்பல்லாம் அவர் விழறார். நேத்துலேருந்து விழுந்துக்கிட்டே இருக்கார்."

"நான் பொய் சொல்லியிருக்கணுமா?"

அவள் யோசித்தாள். "சொல்லியிருந்தா இருந்திருப்பேன்." குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

கேபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். ஒரு தடவை திரும்பினாள்... அந்தக் கண்களில் இப்போதும் தூக்கம் இல்லை.

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அதன் பிறகு பூட்டும் திரும்பியது.