குறையாத மெழுகு

"வாசனையைத் திருடிட்டாங்க சார்," என்றார் அந்த அம்மா.

துப்பறிவாளரின் மைத்துனர், குறிப்பெடுக்கத் திறந்த பேனாவை மூடி வைத்துவிட்டார். நகை, பத்திரம், ஒருமுறை ஒரு கிளி என்று எத்தனையோ திருட்டு அந்த மாடியறைக்கு வந்திருக்கிறது. வாசனை வந்தது அதுதான் முதல் தடவை.

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடம் தீப்பிடித்த கட்டடங்களுக்குள் நடந்து, எது தானாகப் பற்றியது, எதைக் கொளுத்தினார்கள் என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவந்தவர். ஓய்வு பெற்றதும் எல்லாரும் காலையில் நடக்கப் போவார்கள். இவர் ஊரார் தலைவலியை விலைக்கு வாங்கிக்கொண்டார். கூடவே மனைவியின் தம்பியும் வந்து ஒட்டிக்கொண்டார். எந்த வழக்கையும் பத்தே நிமிடத்தில் முடித்துவிடும் கெட்டிக்காரர் அவர். என்ன, எப்போதும் தப்பாக முடிப்பார்.

"முதல்லேருந்து சொல்லுங்கம்மா," என்றார் துப்பறிவாளர்.

அந்த அம்மா பைக்குள்ளிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அடிப்பக்கம் ஆறு குழி. ஒவ்வொரு குழியிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு மெழுகு வில்லை. மூடியின் மேல் நீல மையில் 'அப்பாவுக்கு' என்று எழுதியிருந்தது.

"வீட்டுலயே வாசனை மெழுகு செஞ்சு விக்கிறேன் சார். இதுக்குத் திரி கிடையாது. வார்மர்னு ஒரு சின்ன கரண்ட் தட்டு இருக்கும். அதுல ஒரு வில்லையை வச்சா மெதுவா உருகி, வீடே மாம்பழமா, அன்னாசியா மணக்கும். இது என் பொண்ணு செஞ்சது."

அவர் மூடியிலிருந்த எழுத்தை விரலால் தடவினார். துப்பறிவாளர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஏழு மாதத்துக்கு முன்னால் வீட்டில் அப்பாவுக்கும் பெண்ணுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல். இருவரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பா திரும்பி வந்தார். இருபத்திரண்டு வயதுப் பெண் வரவில்லை. காய்ச்சலுக்குப் பத்து நாள் முன்புதான் அவள் இந்தப் பெட்டியை ஊற்றி வைத்திருந்தாள். அப்பா தொலைதூர பஸ் டிரைவர். வந்ததும் கொடுக்கலாம் என்று வைத்தது; அவர் காய்ச்சலோடுதான் வந்தார். அளவை எங்கும் எழுதி வைக்கவில்லை.

"அன்னாசி, மாம்பழம், கொய்யா. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். பதினோரு தடவை கலந்து பாத்துட்டேன் சார், அது வரல. அதனால இதை அவ அலமாரியில வச்சு, மாசம் ஒருதடவை, அவ போன தேதியில, விடிகாலையில பட்டறையைத் தொடறதுக்கு முன்னாடி திறந்து ஒரே ஒரு மூச்சு இழுப்பேன். உடனே மூடிடுவேன். போன வாரம் திறக்கறேன், ஒண்ணுமே இல்ல. வெறும் மெழுகு."

"மெழுகு குறைஞ்சிருக்கா?" என்று கேட்டார் மைத்துனர்.

"எடை போட்டுப் பாத்தேன். கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. ஆனா அவ மேல தூவியிருந்த மினுக்குத் தூளைக் காணோம். யாரோ அசலை எடுத்துட்டு வாசனை இல்லாத மெழுகை வச்சுட்டாங்க. அடுத்த புதன்கிழமை, வாசனை எண்ணெய் கலக்கற பெரியவர் ஒருத்தர் வர்றதா இருக்கார். மோந்து பாத்தே அளவு சொல்லிடுவாராம். அதுக்குள்ள அசல் கிடைக்கணும் சார். கிடைக்கலன்னா எம்பொண்ணு வாசனை அதோட சரி."

அலமாரி இருக்கும் அறைக்குள் போகக்கூடியவர்கள் இருவர் என்றார் அந்த அம்மா. ஒருத்தி, வில்லைகளைப் பொட்டலம் போட்டு லேபிள் ஒட்டும் பெண், எல்லாரும் சிட்டு என்று கூப்பிடுவார்கள். மற்றவர் அம்மாவின் சொந்தத் தம்பி, கடையைப் பார்த்துக்கொள்பவர். அந்த வாசனையை எப்படியாவது கடைக்குக் கொண்டுவரணும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தவர். தம்பியிடம் கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை. சிட்டுவை மட்டும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

"உங்க வீட்டுக்காரர்?"

"அவர் பாவம் சார். இன்னும் வேலைக்குப் போகல. பேச்சே குறைஞ்சுபோச்சு."

"நாளைக்கு மத்தியானம் நாங்க வர்றோம். தம்பியையும் அந்தப் பொண்ணையும் வரச்சொல்லுங்க."

அம்மா படியிறங்கியதும் மைத்துனர் கையைத் தேய்த்துக்கொண்டார். "தம்பிதான் அத்தான். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

"நீ எப்பவும் கண்ணை மூடிக்கிட்டுதான் மாப்ளே சொல்றே," என்றார் துப்பறிவாளர்.

மறுநாள் அந்த வீட்டு மாடிப்படியிலேயே பழக்கடைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. மைத்துனர் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். "என்னம்மா, இன்னிக்கு மாம்பழமா?"

"நேத்து ஊத்தினது. இன்னுமா வருது?" என்றார் கதவைத் திறந்த அம்மா. "எனக்கு ஒண்ணும் தெரியல. நாள் பூரா இதுலயே கிடந்தா மூக்கு மரத்துப்போயிடுது."

கூடத்தில் பாதி, பட்டறையாக இருந்தது. தராசு, வெப்பமானி, மெழுகு உருக்கும் குவளைகள், அடுக்கடுக்காகக் காலிப் பெட்டிகள். மூலையில் ஒரு பையில் பழைய வில்லைகள் கிடந்தன. அது என்ன என்று துப்பறிவாளர் கேட்டார்.

"வாங்கினவங்க திருப்பிக் குடுத்தது. 'மெழுகு அப்படியே இருக்கு, வாசனைதான் வரல'ன்னு சண்டைக்கு வருவாங்க. மெழுகு எங்க போகும்? பறந்து போறது எண்ணெய்தானே."

அப்போது சமையலறையிலிருந்து அம்மாவின் கணவர் தேநீர்த் தட்டோடு வந்தார். நெடுநெடுவென்று உயரம்; சட்டை அவருக்குப் பெரிதாகத் தொங்கியது. வாய் நிறைய "வாங்க" என்று கூப்பிட்டார். பால் அடிபிடித்துத் தீய்ந்திருந்தது. ஒரு வாய் குடித்த மைத்துனர் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தார். கணவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தம் பங்கை நிதானமாகக் குடித்து முடித்தார். "சக்கரை போதுமா சார்?" என்று வேறு கேட்டார்.

"போதும்," என்றார் துப்பறிவாளர். முகம் சுளிக்காமல் முழுவதையும் குடித்தார்.

பெண்ணின் அறை சுத்தமாக இருந்தது. போர்வை மடித்தபடி கிடந்தது. அலமாரிக்குப் பூட்டு இல்லை. ஜன்னலோரம் ஸ்டூலின்மேல் ஒரு வார்மர். அதற்கு ஒட்டினாற்போல் ஒரு நாற்காலி. முழங்கால் இடிக்கும் அளவுக்கு நெருக்கம். துப்பறிவாளர் அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது அவர் முகம் நன்றாக இல்லை.

"கண்டுபிடிச்சிட்டீங்களா அத்தான்?"

"கண்டுபிடிச்சிட்டேன். கண்டுபிடிக்காம இருந்திருக்கலாம்."

கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். அம்மா பெட்டியை மடியில் வைத்திருந்தார். தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிட்டு வாசலை ஒட்டி நின்றாள்; அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அவ எனக்கும் சிநேகிதிதான் சார்," என்றாள் அவள், யாரும் கேட்பதற்கு முன்பே. "அவ பொருளை நான் தொடுவேனா?"

"தொடலம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்." துப்பறிவாளர் பெட்டியை வாங்கி, ஒரு வில்லையைக் கத்தியால் நெம்பி எடுத்துக் கவிழ்த்தார். அடிப்பக்கம் தங்க நிறத்தில் மின்னியது. "உங்க பொண்ணு பாதி இறுகின மெழுகுமேல தூளைத் தூவினா. அதனால அது மேலயே நின்னுச்சு. இப்ப அடியில இருக்கு. மெழுகு முழுசா உருகி, தூள் கீழ இறங்கி, மறுபடி இறுகியிருக்கு. யாரும் எதையும் மாத்தலம்மா. இதுதான் அசல்."

அம்மா எழுந்தேவிட்டார். "அசலா? அப்ப வாசனை?"

"இந்த வீட்டுலயேதான் போயிருக்கு. உங்க பொண்ணு ரூம்ல இருக்கற வார்மர்ல."

"அக்கா வீட்டுல இருக்கும்போது எப்படி சார்?" என்றார் தம்பி.

"அவங்க மூக்குதான் மரத்துப்போச்சே. பட்டறை வாசனையோட அதுவும் கலந்துடுச்சு. சரி, உருக்கினவர் யாரு? இந்தப் பெட்டியோட குழிகளைத் தடவிப் பாருங்க." ஆறு குழிகளின் அடியும் நெளிந்து புடைத்திருந்தது. அடுக்கிலிருந்த காலிப் பெட்டிகளின் அடி சமமாக இருந்தது. "மெழுகைச் சூடா ஊத்தினா பிளாஸ்டிக் இப்படி நெளியும். நீங்க எத்தனை டிகிரியில ஊத்துவீங்க?"

"ஐம்பத்தஞ்சு," என்றார்கள் அம்மாவும் தம்பியும் சிட்டுவும் ஒரே குரலில்.

"பாத்தீங்களா? உங்க மூணு பேருக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும். இதை ஊத்தினவருக்கு அது தெரியல. வார்மர்லேருந்து எடுத்த சூட்டோட அப்படியே ஊத்தியிருக்கார்."

மைத்துனருக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், ஆசைக்கு உருக்கினா ஒண்ணு உருக்கலாம். ஆறையும் ஏன் உருக்கணும்? முதல் வில்லையில வாசனை தீர்ந்ததுமே தெரிஞ்சிருக்குமே!"

"தெரிஞ்சிருக்கும் மாப்ளே. மோந்து பாக்க முடியறவருக்கு."

தம்பி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். துப்பறிவாளர் கணவரின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஐயா, இன்னிக்குப் பால் தீஞ்சுபோயிருந்துச்சு. உங்களுக்குத் தெரியவேயில்ல. எத்தனை நாளா?"

கணவர் அவரைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தார்.

"காய்ச்சல்லேருந்து," என்றார். "வாசனையும் தெரியல, ருசியும் தெரியல."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?" என்றார் அம்மா.

"பிள்ளையே போயிட்டா. மூக்கு போச்சுன்னு உங்கிட்ட வந்து என்னன்னு சொல்றது?"

டாக்டரிடம் தனியாகப் போயிருக்கிறார். பிடித்த வாசனை ஒன்றைத் தினமும் கொஞ்ச நேரம் முகர்ந்து பழகுங்கள், சிலருக்குத் திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிடித்த வாசனைக்கு அவர் எங்கே போவார்? மகள் தமக்கென்று செய்து வைத்ததை அவர் ஒருமுறைகூட முகர்ந்ததில்லை. அம்மா கடைக்குப் போகும் மத்தியானங்களில் ஒரு வில்லையை எடுத்து வார்மரில் வைத்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து குனிந்து மூச்சை இழுத்திருக்கிறார். ஒரு மாதம். பிறகு மெழுகைத் திரும்ப ஊற்றி வைத்துவிடுவார்.

"ஒண்ணையே வச்சா தேஞ்சிடுமோன்னு மாத்தி மாத்தி வச்சேன் சார். தினமும் அளந்து பாப்பேன். குறையவே இல்லையே! ஒரு சொட்டுகூடக் குறையலையே! இவ வாசனை போச்சுன்னு அழுதப்பகூட, வேற யாரோ மாத்திட்டாங்கன்னுதான் நினைச்சேன்." அவர் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதன் கனம் அப்படியேதான் இருந்தது. "அப்ப நான்தான் எல்லாத்தையும் தீத்துட்டேனா?"

 துப்பறிவாளர் தம் தொழிலை வெறுத்த நாட்கள் அதிகமில்லை. அன்று வெறுத்தார்.

"இதுல திருட்டு எதுவும் இல்லம்மா," என்றார். "மூடியில யாருக்குன்னு எழுதியிருக்கோ, அவர்தான் எடுத்திருக்கார்."

அம்மா முதலில் செய்தது, வாசலுக்குப் போய்ச் சிட்டுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டதுதான். "என்னை மன்னிச்சிடும்மா. நாளையிலேருந்து வந்துடு." அந்தப் பெண் தலையாட்டினாள். தம்பி அவளை அழைத்துக்கொண்டு கீழே இறங்கினார். மைத்துனர் வாழ்நாளில் முதல்முறையாக வாயைத் திறக்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அம்மா திரும்பி வந்து கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று அவர் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்திருக்கும். கடைசியில் கணவரே கேட்டார்.

"நல்லா இருந்துச்சா அது?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"எப்படி? சொல்லேன்."

"திறந்ததும் முதல்ல அன்னாசி வரும். நறுக்குன்னு, பல் கூசற மாதிரி. அது ஒரு நிமிஷம்தான். அப்புறம் மாம்பழம். நல்லாப் பழுத்தது இல்ல, காம்புகிட்ட லேசாப் புளிக்குமே, அந்தப் பக்குவம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ம்."

"அதுக்குக் கீழ கொய்யா. நீங்க கொய்யாவை நறுக்காம அப்படியே கடிப்பீங்கள்ல, கடிச்சதும் வரும் பாருங்க, அது. அதை உங்களுக்காகத்தான் போட்டிருக்கா."

"ம். அப்புறம்?"

"அப்புறம் எல்லாம் அடங்கி, கடைசியா ஒண்ணு வரும். அதுதான் எனக்குக் கலக்க வரல. பதினோரு தடவையும் அங்கதான் தப்புது." அம்மா அவர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "அது என்னன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க ஊர்லேருந்து வந்ததும் அவளைக் கேக்கலாம்னு இருந்தேன்."