கெங்கம்மாளின் வலது முழங்கால்

நான்காவது ஊசி மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாகத் தெரிந்தது.

கெங்கம்மாள் படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தாள். வலது முழங்காலுக்கு மேலே, தொடைச் சதையில், ஆறு ஊசிகள். குத்தியபோது ஆறும் ஒரே உயரத்தில்தான் நின்றன. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டின் ஆரன் சத்தமும், மாடிக்குக் கீழே மல்லாட்டைக் கடலை வறுக்கும் கருகல் வாசனையும் ஸ்பிரிட் நெடியோடு கலந்து சன்னல் வழியே ஏறிவர, பச்சைத் திரையின் நிழல் அவள் காலின்மீது போவதும் வருவதுமாக இருந்தது.

"வலிக்குதாங்கம்மா?" திரைக்கு அந்தப் பக்கமிருந்து பிசியோதெரபிஸ்ட் ப்ரியங்கா கேட்டாள்.

"இல்ல கண்ணு."

"ஊசி எறக்கறப்ப சதை துள்ளிச்சே. மருந்தில்லாத வெறும் ஊசிதான். வலிச்சா சொல்லுங்க, எடுத்துடறேன்."

"முப்பது வருசமா சொமந்துகினு கீறேன், இந்த முடி மாதிரி ஊசிக்கா பயப்படுவேன்? ஜல்தி முடிச்சி உடு."

வலித்தது. ஆனால் மண்டியில் மல்லாட்டைக் கூடை சுமக்கும் பெண்கள் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. எடுத்தவளுக்கு மறுநாள் வேலை கிடையாது. எலும்பு தேய்ந்து முட்டி அரைக்க ஆரம்பித்து ஒரு வருடம். மறைத்துப் பார்த்தாள், நடை காட்டிக்கொடுத்துவிட்டது. "திங்கக்கெழம கூடையோட லாரிப் பலகை ஏறிக் காட்டு. முடியலன்னா வூட்ல குந்திக்கினு கேப்பை பொடை" என்று மேஸ்திரி சவுரிராயன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அவள் சுமந்தால்தான் வீட்டில் உலை.

மறுபடி பார்த்தாள். நான்காவது ஊசி இல்லை.

விழுந்திருக்கும். விரிப்பைத் தடவினாள். ஒன்றும் அகப்படவில்லை. தொடைக்குள்ளே, அசைபோடும் மாட்டின் தாடைபோல, ஏதோ அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது.

"இப்ப வலிக்குதாங்கம்மா?"

"இல்ல." வாய் தானாகச் சொன்னது.

ஐந்தாவது ஊசி கண்ணெதிரே இறங்கியது. பிடிக்கும் காம்போடு. ரத்தமில்லை. துளையும் மூடிக்கொண்டது. அப்புறம் ஆறாவது. அப்புறம் மற்றவையும்.

வலி நின்றது.

முட்டி மடங்கியது. அவள் மடக்கவில்லை.

வலது கால் கட்டிலைவிட்டு இறங்கி ஊன்றியது. உடம்பு அதன் பின்னால் போயிற்று. திரை விலகி ப்ரியங்கா வந்தாள். "ஏம்மா, ஊசியெல்லாம் நீங்களே புடுங்கிட்டீங்களா?" என்று பதறியவள், நடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "அட! நல்லா நடக்கறீங்களே!"

"நான் நடக்கல கண்ணு. என்னைப் புடி."

"பின்ன யாரு நடக்கறாங்களாம்?" ப்ரியங்கா சிரித்தாள்.

வராந்தா. படிக்கட்டு இடப்பக்கம். கால் வலப்பக்கம் திரும்பியது. அங்கே வழியில்லை. இடுப்பளவுச் சுவர். அதற்குக் கீழே ரோடு.

"வலிக்குது!" முதல்முறையாகக் கத்தினாள். "வலிக்குதும்மா!"

சிரிப்பு நின்றது. செருப்புச் சத்தம் ஓடிவந்தது. தூரத்தில்.

வலது முழங்கால், இருபது வயதில் மடங்கியதுபோல் வழவழவென்று மடங்கி, சுவர்மேல் ஏறி நின்றது. இடது காலின் பெருவிரல் மட்டும் சிமெண்டுத் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.