'போதும்' என்று சொல்லும்வரை

சலவைக் கடையின் மௌனத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

நீவெஸ் படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். மணிலாவை ஒட்டிய மரிகினாவில் மதியத்திலிருந்தே விடாத மழை. தகரக் கூரையின் இரைச்சல் உள்ளே வராதபடி ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். திரையில் இரண்டு பெண்கள், ஈரத் துணி மூட்டைகளுக்கு நடுவே, பேசாமல் நிற்கிறார்கள். இருவர் வாயும் மூடியிருக்கிறது. ஆனாலும் பேச வாயெடுக்கும் ஒருவர் முதலில் இழுப்பாரே, அந்த மூச்சு, கொஞ்சம் சளியோடு தொண்டையில் உரசி உள்ளே போனது. அதன் பிறகு ஒன்றுமில்லை. உள்ளே போனது வெளியே வரவில்லை.

களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். மூன்று குறும்படங்களை ஒன்றாக இழுத்துக்கொண்டு ஓடுகிறவளுக்கு எது எந்தப் படம் என்பதே சில சமயம் குழம்பும். ஒன்றில் கை இருக்கும்போது மனம் அடுத்ததில் இருக்கும். யுமிக்குத் தலை வாரிக்கொண்டே வேறொரு பெண்ணின் வசனத்தைத் திருத்துவாள். "அம்மா, இப்ப எந்தப் படத்துல இருக்கீங்க?" என்று ஏழு வயது மகள் கேலியாகத்தான் கேட்பாள். நீவெஸுக்கு எங்கோ சுருக்கென்றிருக்கும். பதில் சொல்வதற்குள் அந்த வசனம் மறந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கும்.

யுமி நடித்த படத்தைத் திறந்தாள். இதே வீட்டில் எடுத்த கண்ணாமூச்சிக் கதை. அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் யுமியின் முகம், கதவிடுக்கின் வெளிச்சம், நீண்ட மௌனம்.

அதே மூச்சு. இன்னும் கொஞ்சம் பக்கத்தில்.

அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு படத்திலும் இருப்பது ஒரே மௌனம். படப்பிடிப்பு முடிந்ததும் ஒவ்வோர் அறையின் மௌனத்தையும் தனியாகப் பதிவு செய்வார்கள். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும். அவள் 'போதும்' என்று சொல்லும்வரை அறையில் ஒருவரும் அசையக் கூடாது. வீட்டிலும் சலவைக் கடையிலும் அவசரத்தில் அதை எடுக்கவில்லை. மூன்றாவது படத்துக்காகச் சாவு வீட்டில் எடுத்திருந்த மௌனத்தையே வெட்டி, மற்ற இரண்டின் அடியிலும் விரித்துவிட்டாள். மௌனம்தானே, யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்?

அது மாங் செலோ என்ற பழைய பேருந்து ஓட்டுநரின் சாவு. நுரையீரல் கெட்டுப் போனவர். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து இரவெல்லாம் சீட்டாடும் பக்கத்து வீட்டுக்காரர்களைத்தான் படமெடுத்தாள். கண்ணாடி மூடிக்குக் கீழே அவர் விரல்களில் ஜெபமாலை மணிகள் சுற்றியிருந்தன.

ஒலிப்பதிவு செய்த ஜெப்பை அழைத்தாள்.

"ஜெப், அந்தச் சாவு வீட்டுல மைக்கை எங்க வெச்ச?"

"பெட்டி மேலதான், அக்கா. கண்ணாடியில ஒட்டுனாப்ல. சீட்டாடுற ஆளுங்க மூச்சு விழக் கூடாதுன்னு நீங்கதானே உயிர வாங்குனீங்க?"

"அங்க யாராவது மூச்சை..."

"நானா? மூக்கு அரிச்சதுக்குக்கூட சொறியல. இன்னொண்ணு தெரியுமா, அன்னைக்கு நீங்க 'போதும்'னு சொல்லவே இல்ல. யுமி போன் பண்ணினா, எப்ப வருவீங்கன்னு. பேசிக்கிட்டே வெளிய ஓடிட்டீங்க. நாங்க எல்லாம் லூசு மாதிரி நின்னோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நானே ரெக்கார்டரை அணைச்சேன். எல்லாரும் அசைஞ்சாங்க. மாங் செலோ தவிர." அவனே சிரித்தான். "வழியில ஒரு காபி குடிச்சு, உதறிட்டுப் போலாம்னு எவ்வளவு கெஞ்சினேன்? சாவு வீட்டுலேர்ந்து நேரா வீட்டுக்குப் போவாங்களா யாராவது? ஆவி கூடவே வந்துடாது?"

"போடா," என்று சொல்லி வைத்தாள். சிரிக்க முயன்றாள். வரவில்லை.

அந்த மௌனத்தை இரண்டு படங்களிலிருந்தும் அழித்தாள். புதிதாக எடுத்துவிட்டால் தீர்ந்தது. மழை விட்டிருந்தது. மாலை வெளிச்சம் ஜன்னலில் சாம்பலாகத் தேங்கியிருந்தது. ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு யுமியின் அறைக்குப் போனாள். மெழுகும் வாடிய பூவும் கலந்த வாசனை. காயாத துணியாக இருக்கும்.

யுமி மஞ்சள் சட்டையில், அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"செல்லம், அசையாத ஆட்டம் ஆடலாமா?"

"நீங்க சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. தெரியும், தெரியும்."

நீவெஸ் வாசலிலேயே நின்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

கூரை விளிம்பில் நீர் சொட்டியது. தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். யுமியின் மூக்கடைத்த சின்ன மூச்சு. தன் மூச்சு.

பிறகு, மணிகள். விரல்களுக்குள் இறுகி ஒன்றோடொன்று உரசும் மணிகள். அடைத்து வைத்த ஒரு நெஞ்சின் மெல்லிய நடுக்கம்.

யுமிக்குப் பின்னால்.

அங்கே அலமாரிக் கதவு மட்டும் இருந்தது.

அவளுக்குப் புரிந்தது. அவர் அசையவில்லை. அசையக் கூடாது என்று அவள்தான் சொன்னாள். இன்னும் சொல்பேச்சுக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காக.

சொல்லக் கூடாது.

வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. கையை நீட்டி, வா, என்றாள். யுமி கண்களை மட்டும் உருட்டினாள். மாட்டேன். உதடுகள் சிரிப்பை அடக்கி இறுகியிருந்தன. நீவெஸ் இந்த ஒரே அறையில் இருந்தாள். வேறு எந்தப் படத்திலும் இல்லை. மகளைத் தவிர உலகத்தில் எதுவும் இல்லை. தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். நாலெட்டுதான்.

ஓர் அடி வைத்தாள். தரைப்பலகை முனகியது.

"ஐயோ அம்மா, நீங்களே அசைஞ்சுட்டீங்க!" யுமி கைகொட்டிக் குதித்தாள். "நீங்க அவுட்! போதும், போதும்!"

ஹெட்ஃபோனில் அந்த மூச்சு வெளியே வந்தது.

நீளமாக. சளியோடு. நாள்கணக்கில் அடக்கி வைத்திருந்த மூச்சு.

யுமியின் பின்கழுத்து முடி முன்னால் பறந்தது. அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளில் மஞ்சள் சட்டை, ஒரு பெரிய கையின் அகலத்துக்கு, மெல்ல அழுந்தியது.