சாவியை எடுத்த பிறகும்

மீட்டரில் ஏழு மணி நேரம் கூடியிருந்தது.

வெர்லின் ஸ்கார் கையுறையைக் கழற்றிவிட்டு நோட்டைப் புரட்டினான். நேற்று மாலை வண்டியை அணைத்துச் சாவியை எடுத்தபோது 9,412. இப்போது 9,419. ஓடிய மைல் மட்டும் ஒரு புள்ளிகூட நகரவில்லை. பழைய டீசல் பிக்கப் வாங்குகிறவன் மைலை நம்ப மாட்டான்; இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்றுதான் பார்ப்பான். அமெரிக்காவின் வடக்கே டகோட்டாவின் எண்ணெய்க் கிணறுகளில் உழைத்த வண்டிகள் குளிர்காலம் முழுக்க நின்ற இடத்திலேயே இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக் குளிரில் அணைத்துவிட்டால் காலையில் கிளம்பாது. வெர்லின் அப்படி விடுவதில்லை. இன்ஜினைச் சூடாக வைக்கும் ஹீட்டரின் வயரைச் சுவர் பிளக்கில் செருகிவிட்டு அணைத்துவிடுவான்.

நேற்றிரவு முழுக்க ஒரு டீசல் ஓடும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எட்டு சிலிண்டரில் ஒன்று மட்டும் தாளம் தப்பித் தட்டும் அந்தக் கடகடப்பில் அவன் நிம்மதியாகத் தூங்கியிருந்தான். இந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் கண் விழிப்பதில்லை. பக்கத்து வீட்டு வண்டி என்று நினைத்திருப்பான்.

பக்கத்து வீடு இரண்டு மைல் தள்ளி இருந்தது.

"மீட்டர் போர்டுல பத்தவச்ச ஈயம் விட்டுப் போயிருக்கும்டா. நானூறு டாலர்," என்றான் மெக்கானிக் ராய்ஸ், பானெட்டுக்குள் தலையை விட்டபடி.

"டீசல் கொறையல ராய்ஸ். ஆயிலும் அப்படியே இருக்கு."

"ஒண்ணும் குடிக்காம ராத்திரி பூரா ஓடுதா? உன்னவிட நல்ல பிறவி. கட்டிக்கோ."

"ஆர்டிஸ் விடணுமே."

ராய்ஸ் இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்தான். "தட்டுது கேட்டியா? டீசல் பீச்சற இன்ஜெக்டர். ஒண்ணு போனா எட்டையும் மாத்தணும், நாலாயிரம். ஹெட் கேஸ்கெட்டும் போயிருந்தா கேபினையே தூக்கி எடுக்கணும், அது ஒரு ஏழாயிரம். பதினாலாயிரம் குடுத்து ஏலத்துல எடுத்தியே, மாடு வாங்கியிருந்தா பாலாச்சும் கறந்திருக்கலாம்."

அன்றிரவு அவன் மனைவி ஆர்டிஸ் மூன்று தட்டு சாப்பிட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டுவிட்டு வந்து, வீட்டில் கோழி கொத்துவது போலச் சாப்பிடுகிறவள். டூனா மீனும் நூடுல்ஸும் சேர்த்துச் சுட்ட பாத்திரத்தை அவள் கரண்டியால் சுரண்டுவதை வெர்லின் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள யாரோ உக்காந்து திங்கறாப்ல இருக்கு, வெர்லின்."

"ராய்ஸ் கடையில பழைய டயர் கெடக்கு, கொண்டாரவா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. வாயைத் துடைத்த துணியில் கறுப்பு. விறகடுப்பின் கரி என்றாள் அவளே. இடுப்பில் நிற்காமல் நழுவிய ஜீன்ஸை ஊக்கு போட்டு இழுத்துப் பிடித்திருந்தாள். போன வாரம் அது அவளுக்கு இறுக்கமாக இருந்தது.

வெர்லின் வண்டியின் இரண்டு பேட்டரியையும் கழற்றி அடுக்களையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் படுத்தான்.

நடுச்சாமத்தில் தொடங்கியது. முதலில் தரையில் ஒரு மெல்லிய அதிர்வு, அப்புறம் ஜன்னல் கண்ணாடியின் முனகல், அதற்குப் பின்னால் அந்தத் தாளம் தப்பிய தட்டல். எழுந்து இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு கராஜுக்குப் போனான். பானெட்டின் மேல் உறைபனி பூத்திருந்தது. உள்ளங்கையை வைத்தான். இரும்பு குளிரில் கடித்தது. வண்டி செத்துக் கிடந்தது.

கராஜில் சத்தமே இல்லை.

படுக்கையறைக்குத் திரும்பினான். சத்தம் இருந்தது.

ஆர்டிஸ் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தோளைத் தொட்டவன் கையை இழுத்துக்கொண்டான். சுட்டது. காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டான். சத்தம் சுவர் வழியாக எங்கிருந்தோ வருகிறது என்றும் சொல்லிக்கொண்டான். விடியும்வரை அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்றான் காலையில்.

"அறுபது மைல் இந்தப் பனியிலயா? நாளைக்குப் பாப்போம். மொதல்ல அந்தச் சனியனத் தொலைச்சிட்டு வா." அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ரொட்டியை மென்றுகொண்டே பேசினாள்.

ராய்ஸ் வண்டியைக் கட்டி இழுத்துப் போனான். மதியத்துக்குள் கேபினைத் தூக்கித் தனியாக வைத்தான். இன்ஜெக்டர்கள் எட்டும் மேசைக்கு வந்தன. வெர்லின் பக்கத்திலேயே நின்றான். அடிச்சட்டத்தின் மேல் திறந்து கிடந்த இன்ஜினைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. இனி இது ஓடாது. கடவுளே வந்து திருகினாலும் ஓடாது. இன்றிரவு ஆர்டிஸ் தூங்குவாள்.

மாலை நாலரைக்கு ராய்ஸின் காரை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பியபோது வெளிச்சம் போய்விட்டிருந்தது. வாசலில் இறங்கினான்.

டீசல் ஓடும் சத்தம்.

வீட்டைச் சுற்றி வந்தான். அவன் வந்த காரின் தடத்தைத் தவிரப் பனியில் புதிதாக ஒரு சக்கரத் தடம்கூட இல்லை. கராஜ் காலி. கதவைத் திறந்தான். புகை நாற்றம். அடுப்பு அணைந்திருந்தது. வீடு மட்டும் அனலாகக் கொதித்தது.

படுக்கையறை.

ஆர்டிஸ் கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரவு உடுப்பு அவள்மேல் கொடியில் தொங்குவது போலத் தொங்கியது. வாய் திறந்திருந்தது. எதிரே ஜன்னலில், அவள் மூச்சு படும் இடத்தில், வட்டமாகக் கரி. அவள் நெஞ்சு துடித்தது. கடகட. கடகட. ஒரு தட்டல் தப்பி. கடகட.

"ஆர்டிஸ்."

கண்கள் திரும்பின. அவை மட்டும் அவளுடையவை.

சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தான்.

"எட்டும் போச்சுடா," என்றான் ராய்ஸ். "ஹெட் கேஸ்கெட்டும்..." நிறுத்தினான். "என்ன சத்தம் அது? யார் வண்டி?"

வெர்லின் போனைக் காதோடு அழுத்தினான். சத்தம் ஏறியது. ஜன்னல் அதிர்ந்தது. அவன் கண்ணெதிரே அவள் கழுத்தெலும்பின் மேல் தோல் இன்னும் உள்ளே இழுபட்டது.

"டேய், இன்ஜின் ரேஸாகுதுடா! கட்டுக்கடங்காம, தன்னையே தின்னுகிட்டு ஓடுது! சாவிய எடுத்தாலும் நிக்காது, கேக்குதா?"

இன்னும் ஏறியது. கட்டில் கால்கள் தரையில் தத்தின.

"காத்த அடைக்கணும்! துணியோ பலகையோ, கையில கெடச்சத வச்சு காத்து உள்ள போற வழிய அமுக்கி மூடு! அது ஒண்ணுதான் வழி. இல்லன்னா வெடிச்சுச் செதறிடும்! சீக்கிரம்டா!"

அவன் கையில் தலையணை இருந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை.

"மூடிட்டியா?"

கூரை அலறியது.

ஆர்டிஸ் அவன் கையைப் பார்த்தாள். பிறகு மெல்ல, மிக மெல்ல, முகத்தை அவன் பக்கம் உயர்த்திக் கொடுத்தாள்.