ராங் நம்பர் மாமா

"காப்... காப்பாத்துங்கோ..."

மோடத்தின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து வந்த குரல், சாருலதாவின் விரல்களைக் கீபோர்டின் மேலேயே உறைய வைத்தது.

மூச்சிரைப்பு. ஏதோ உருண்டு விழுகிற சத்தம். எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது.

பிறகு...

டொக்!

லைன் செத்துப் போனது.

"மாமா! மாமா! நான் சாரு பேசறேன்... என்ன ஆச்சு மாமா?"

பக்கத்திலிருந்த ரிஸீவரை எடுத்துக் கத்தினாள். பதிலுக்கு டயல் டோன் மட்டும் ஒரே சுருதியில் ரீங்கரித்தது.

மறுபடி அதே நம்பர்.

மணியே போகவில்லை!

1995, ஜூன். தி.நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேல் மாடி. 'நவநிதி சிஸ்டம்ஸ்' என்று கதவில் ஸ்டிக்கர். உள்ளே வரிசையாக நாற்காலிகள். உட்கார ஆள் ஒருத்திதான்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக அமெரிக்கா போய்விட்டார்கள். முதலாளி பெங்களூரில். எப்போதாவது தலையைக் காட்டுவார்.

சாருலதாவின் வேலை கொஞ்சம் விசித்திரமானது. இன்னும் கடைக்கே வராத ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கடல் தாண்டியிருந்த ஒரு கம்பெனி முன்கூட்டியே அனுப்பி வைத்திருந்தது. அதை மெஷினில் ஏற்றி, பிரிண்டர், சவுண்டு கார்டு, மோடம் என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, எது எது மக்கர் பண்ணுகிறது என்று ரிப்போர்ட் அனுப்ப வேண்டும்.

எல்லாமே மக்கர் பண்ணின!

காரணம், டிரைவர். மெஷினுக்கும் மாட்டுகிற கருவிக்கும் நடுவே நின்று துபாஷி வேலை பார்க்கிற குட்டி புரோகிராம். துபாஷிகளெல்லாம் பழைய ஆட்கள். புது எஜமானின் பாஷை புரியாமல் பேய் முழி முழித்தார்கள்.

சவுண்டு கார்டு வாயே திறக்கவில்லை. பிரிண்டர், மையில் விழுந்த எறும்பு ஊர்ந்த மாதிரி எதையோ அடித்துத் தள்ளியது. டெலிபோன் லைனில் நம்பர் போட வேண்டிய மோடம் இன்னும் மோசம். கொடுத்த நம்பரின் கடைசி இலக்கத்தை விழுங்கிவிட்டு, முந்தின இலக்கத்தையே இன்னொரு தடவை டயல் செய்தது.

முதல் தடவை அப்படித்தான் நடந்தது. அவள் அடையாறில் இருந்த ஒரு ஈ-மெயில் சர்வீஸைக் கூப்பிட்டாள். மோடமோ யாரோ ஒருவர் வீட்டைக் கூப்பிட்டது.

"ஹலோ... யாரு? காதுல விசில் அடிக்கறேளே!"

அவள் பதறிப்போய் ரிஸீவரை எடுத்தாள். "ஸாரி சார்! கம்ப்யூட்டர் தப்பா டயல் பண்ணிடுத்து. டிரைவர் சரியில்லே..."

"டிரைவர் சரியில்லேன்னா சீட்டைக் கிழிச்சு அனுப்பிட வேண்டியதுதானே? தண்ணி போடறவனா?"

சாருலதா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே யாரோ வேற்றாள் சிரித்த மாதிரி இருந்தது.

"என் பேர் கஸ்தூரிரங்கன். ரிடையர்டு. பையன் அமெரிக்கால. ஆத்துல பேச்சுத் துணைக்கு ஈ காக்கா கிடையாது. உங்க மெஷின் தப்பு பண்ணினா பண்ணட்டும். நீங்க போனை வைக்காதீங்கோ... என்ன, புரியறதோ?"

புரிந்தது. அவளுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

போன வருஷம் அம்மா போனதிலிருந்து மயிலாப்பூர் போர்ஷனில் அவள் தனி. ஆபீஸிலும் தனி. சில நாள் அவள் வாயைத் திறப்பதே பஸ் கண்டக்டரிடம் 'மைலாப்பூர் ஒண்ணு' என்று கேட்பதற்குத்தான்.

இப்போது ஒரு மாமா. 'என்ன சாப்ட்டே?' என்று கேட்கிற மாமா. 'வெயில்ல குடை இல்லாம வந்தியா?' என்று கோபித்துக்கொள்கிற மாமா.

அந்த மாமாவுக்குத்தான் ஆபத்து!

சாருலதா டெலிபோன் டைரக்டரியை இழுத்துப் புரட்டினாள். கஸ்தூரிரங்கன்... கஸ்தூரிரங்கன்... நம்பர் ஒத்துப் போனது. காந்தி நகர், மூன்றாவது மெயின் ரோடு.

போலீஸுக்குப் போன் செய்தாள்.

"அலறல் கேட்டுதா? நீங்க அவருக்கு என்ன உறவும்மா?"

"உறவு... ராங் நம்பர் சார்."



"...சரிம்மா. அட்ரஸ் சொல்லுங்க. ஆள் அனுப்பறோம்."

அவளுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. படிகளில் இறங்கி ஓடினாள்.

"ஆட்டோ!"

"எங்கம்மா?"

"அடையாறு, காந்தி நகர். மூணாவது மெயின் ரோடு. சீக்கிரம்ப்பா!"

"குந்து யக்கா. ஆஸ்பத்திரி கேஸா?"

"தெரியலைப்பா..."

டிரைவர் மெஹபூப் அலி அதற்குமேல் கேட்கவில்லை. நந்தனம் சிக்னலைக் கிழித்துக்கொண்டு, கோட்டூர்புரம் பாலத்தில் ஒரு லாரியைத் திட்டிக்கொண்டே முந்தி, காந்தி நகர் மரநிழலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

பழைய காலத்து வீடு. கேட்டில் துரு. வாசலில் கோலம் இல்லை.

காலிங் பெல்லை அழுத்தினாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. ஐம்பது வயது இருக்கும். வழுக்கை. வெள்ளைச் சட்டை. நெற்றியில் வியர்வை.

மாமாவின் பையனா? இல்லை, அவன் அமெரிக்காவில் அல்லவா இருக்கிறான்...

'கஸ்தூரிரங்கன் மாமா இருக்காரா?' என்று கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"யாரைப் பார்க்கணும்? பெரியவர் தூங்கறார். யாரும் இப்போ பார்க்க முடியாது... என்ன, புரியறதோ?"

திறந்த வாயைச் சட்டென்று மூடிக்கொண்டாள் சாருலதா.

அந்தக் குரல்!

'என்ன சாப்ட்டே?' என்று கேட்ட அதே குரல்!

அப்படியென்றால்... போனில் 'காப்பாத்துங்கோ' என்று முனகியது மாமா இல்லை. வேறு யாரோ. இத்தனை நாளும் அவளோடு பேசியவன்... இதோ, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்!

அவனுக்கு அவள் முகம் தெரியாது.

ஆனால் குரல் தெரியும். வாயைத் திறந்தால் தொலைந்தாள்!

உதட்டைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினாள்.

"ஓ... பேச வராதா?"

தலையை ஆட்டினாள். கையை ஏந்தினாள்.

"டொனேஷனா? இரு, சில்லறை இருக்கா பார்க்கறேன்." அவன் அலுத்துக்கொண்டே பக்கத்து அறைக்குள் போனான்.

போலீஸ் வரும்வரை வாசலிலேயே நின்றிருக்கலாம். ஓடியும் இருக்கலாம்.

சாருலதா உள்ளே நுழைந்தாள்!

ஹால் மூலையில் டெலிபோன். அதன் ஒயர் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுக் கிடந்தது. அதனால்தான் மணி போகவில்லை. அதை ஒட்டி ஒரு கதவு, வெளியே தாழ்ப்பாள். உள்ளிருந்து... மரத்தை நகத்தால் பிராண்டுகிற ஓசை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தாழ்ப்பாளை நகர்த்தினாள்.

தரையில் ஒரு கிழவர். எலும்பும் தோலும். வெடித்துப் போன உதடுகள்.

"தண்ணி... தண்ணி..."

அதே சமயம் வாசலில்...

"யக்கோவ்! மூணாவது மெயின் ரோடுன்னு சொன்னியே, இந்த வூடு தானே? வெய்ட்டிங்ல நிக்கவா, கெளம்பவா?"

மெஹபூப் அலி!

அவள் திரும்பினாள். பின்னால் அவன் நின்றிருந்தான்.

"பேச வராதவ... ஆட்டோக்காரனுக்கு எப்படி அட்ரஸ் சொன்னே?"

இனி மறைக்க எதுவும் இல்லை.

"மாமா..." என்றாள்.

அவன் முகம் மாறியது. ஆனால் அவள் எதிர்பார்த்த மாதிரி அல்ல! கண் விரிந்து, வாய் ஓரம் தன்னையறியாமல் மலர்ந்தது. பிளாட்பாரத்தில் காத்திருந்தவன் ரயிலிலிருந்து இறங்குகிறவரைப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்!

"சாரு...? நீயா?"

ஒரே விநாடிதான். அடுத்ததில் பயம் வந்து அந்தச் சந்தோஷத்தைத் துடைத்துவிட்டது.

"ஏன் வந்தே? உன்னை யாரு வரச் சொன்னா?" அவன் பாஷையிலிருந்து ஆத்துத் தமிழ் கழன்று விழுந்திருந்தது. "போன்ல பேசினோம்ல... அதோட நிறுத்திக்க வேண்டியதுதானே!"

பாய்ந்து அவள் கழுத்தைப் பிடித்தான்.

அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த குரலை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள் சாருலதா.

"ஆ...ஆ...ஆ...!"

கேட் அதிர்ந்தது. காக்கிச் சட்டை ஒன்று ஹாலுக்குள் பாய்ந்தது. மெஹபூப் அலியின் முழங்கை அவன் விலாவில் இறங்கிய வேகத்தில், இரண்டு பேரும் சோபாவோடு கவிழ்ந்தார்கள்!

"டேய் கஸ்மாலம்! பொம்பள மேலயா கை வெக்கிற?"

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே போலீஸ் ஜீப்பும் வந்து நின்றது.

ஆம்புலன்ஸ் பெரியவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு, இன்ஸ்பெக்டர் ஹனீஃபா அவளிடம் வந்தார்.

"அவன் பேர் கணேசமூர்த்தி. பெரியவரைப் பார்த்துக்கறதுக்குப் பையன் வெச்ச அட்டெண்டர். தூக்க மாத்திரை குடுத்துக் குடுத்தே படுக்க வெச்சிருக்கான். வீட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கியாச்சு. காலைல அவன் மருந்துக் கடைக்குப் போனப்ப, கதவைச் சரியாத் தாழ்ப்பாள் போடலை. பெரியவர் தவழ்ந்து வந்து போனை எடுத்திருக்கார். நீங்க வரலேன்னா இன்னியோட முடிச்சிருப்பான்."

ஜீப்பின் பின் சீட்டிலிருந்து கணேசமூர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாரு... பேரு பொய். பையன் பொய். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லேன்னேன் பாரு, அது பொய் இல்லே. கம்பிக்குள்ள இருந்து போன் பண்ண விடுவாங்களான்னு தெரியலை..."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜீப் கிளம்பிய பிறகுதான் கண்ணைத் துடைத்தாள். யாருக்காக அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஹனீஃபா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "ஒரு மெஷின் ராங் நம்பர் போட்டு ஒரு உயிரு பிழைச்சிருக்கு! அந்தக் கோளாறைத் தயவு செஞ்சு சரி பண்ணிடாதீங்கம்மா."

சாருலதா தலை குனிந்தாள்.

"அது சரியாயிடுத்து சார்."

"எப்போ?"

"போன மாசமே. புது டிரைவர் வந்துடுத்து. இப்போ மோடம் குடுக்கற நம்பரைத்தான் போடறது."

இன்ஸ்பெக்டரின் கை விசிறலை நிறுத்தியது. "அப்போ... இன்னிக்கு வந்த ராங் நம்பர்?"

"ஒவ்வொரு நாளும் நானேதான் அடிச்சேன் சார். அவர்கிட்ட டிரைவர் இன்னும் சரியாகலேன்னு பொய் சொல்லிண்டிருந்தேன். ஒருத்தரோட பேசணும்னா... எனக்கு வேற நம்பரே தெரியாது."

ஹனீஃபா தொப்பியை மாட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

கிழிந்த சட்டையோடு மெஹபூப் அலி ஆட்டோவில் சாய்ந்து நின்றிருந்தான்.

"அட, இதுக்கா யக்கா அய்வுறே? நம்ம நம்பரை எய்திக்க. டி.என். நாட் செவன்..."

"இது போன் நம்பர் மாதிரி இல்லையேப்பா?"

"ஆட்டோ நம்பரு யக்கா! போனுக்கு எங்க அத்தா எய்திப் போட்டாரு... அவரே மௌத்தாகி மண்ணுக்குள்ள போயிட்டாரு, லைனு இன்னும் வந்துக்கினே கீது!"