அக்காவுக்குச் சொன்ன ஊர்

அறைக்குள் நுழைந்தபோது இறால் வாடை அடிக்கவில்லை.

மாரீஸ்வரன் கதவைப் பிடித்தபடியே நின்றான். அக்காள்மடத்துக்கு வந்த நாள் முதல் அந்த வாடை அவனை விட்டதில்லை. பகலெல்லாம் இறால் கம்பெனிக் கொட்டகையில் ஐஸ் உடைத்து, பெட்டி தூக்கி, பொழுது சாயப் பின்பக்கத்து அறைக்கு வந்து விழுந்தால், சட்டையில், பாயில், தலையணைப் பஞ்சுக்குள், சோற்றுச் சட்டியின் விளிம்பில்கூட அது ஒட்டிக்கொண்டிருக்கும். இன்று இல்லை. அதன் இடத்தில் வேறொரு வாசம் இருந்தது. புதுச் செருப்புக் கடைக்குள் கால் வைத்ததும் வருமே, அந்த மாதிரி. அதற்கு மேலாக, பக்கத்தில் யாரோ இப்போதுதான் ஆரஞ்சுப் பழம் உரித்தது போல ஒரு புளிப்பு.

இந்த வாசத்தை அவன் எங்கும் முகர்ந்ததில்லை. ஆனாலும் தெரியும். முந்தாநாள் இதை உண்டாக்கியதே அவன்தான்.

"சிங்கப்பூரு என்ன வாசம்டா அடிக்கும்?" என்று போனில் கேட்டாள் அக்கா.

"புதுச் செருப்புக் கட மாதிரிக்கா. கூடவே ஆரஞ்சுப் பழம் உரிச்ச மாதிரி."

"ஊரு பூராவுமா?"

"ஊரு பூராவும்."

அந்தப் பக்கம் அக்கா மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தது அவனுக்குக் கேட்டது.

அக்கா இருளம்மாள் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கமுதிக்குத் தெற்கே, மிளகாய் போடும் கரிசல் ஊர். புருஷன் போனபிறகு அவளுக்குத் தம்பிதான் எல்லாம். சில வருசங்களுக்கு முன் சர்க்கரை நோய் அவள் கண் இரண்டையும் வாங்கிக்கொண்டது. கண் உள்ளவளாக இருந்திருந்தால் அவனுக்குச் சுலபம். சிங்கப்பூரின் கட்டடம், பாலம், ராத்திரி விளக்கு எல்லாம் போனில் வீடியோவாகக் கிடக்கிறது, பார்த்து ஒப்பித்துவிடலாம். அக்காவுக்கு அதெல்லாம் வேண்டாம். மூக்கால் கேட்டாள். நாக்கால் கேட்டாள். விரல் நுனியால் கேட்டாள். அதற்கு எந்த வீடியோவிலும் பதில் இல்லை.

அவன் சிங்கப்பூருக்குப் போகவே இல்லை.

சென்னை விமான நிலைய வாசலில் நின்ற காவலர் அவன் நீட்டிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரமா நில்லு தம்பி" என்றார். பணம் வாங்கிக்கொண்டு அந்த டிக்கெட்டைக் கொடுத்த ஏஜெண்டின் போன் அணைந்துகிடந்தது. அவன் ஓரமாகவே நின்றான், மறுநாள் விடியும்வரை. ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் ஊர் பஸ் ஸ்டாப்பில் பேனர் இருந்தது. விமானத்துக்குப் பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்ட அவன் முகம். 'சிங்கப்பூர் செல்லும் எங்கள் சிங்கமே' என்று கீழே கொட்டை எழுத்து. மேளம் அடித்து வழியனுப்பினார்கள். அக்கா அந்த பேனர் முன்னால் நின்று, "மூஞ்சி எங்கனடா இருக்கு?" என்று கேட்டு, கையை உயர்த்தி, அச்சடித்த கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். அதை நினைத்தால் அவனுக்கு ஊர்ப் பக்கம் கால் நகரவில்லை.

ஊர்க்காரர்கள் ராமேஸ்வரம் கோயிலுக்கு வருவார்கள். வழியில் உள்ள அக்காள்மடத்தில் யாரும் இறங்கமாட்டார்கள். அதனால் இங்கே. கமுதி போர்டு போட்ட பஸ் ரோட்டில் போனால் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொள்வான். பொழுது சாய்ந்ததும் அக்காவுக்கு போன் போட்டுச் சிங்கப்பூரைச் சொல்வான்.

மறுநாள் கொட்டகையில் மேஸ்திரி இமானுவேல் அவன் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சினார்.

"ஏலே, பொண்ணு பாக்கப் போறியா? செண்டு தூக்குது."

"நான் ஒண்ணும் போடலண்ணே."

"இறால் கம்பெனில வேல பாத்துட்டு மணக்கிறவன் நீ ஒருத்தன்தான்டா. பூனைகூட ஒன்னயக் கண்டா இனி மதிக்காது."

இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். மாரீஸ்வரனுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் மூளைதான் கலங்கிவிட்டது என்று நேற்றிலிருந்து நம்பிக்கொண்டிருந்தான். அந்த நம்பிக்கையும் போயிற்று.

அன்று சாயங்காலம் அக்கா சுவரைக் கேட்டாள்.

"நீ இருக்கிற கட்டடத்துல செவுத்தத் தொட்டா எப்படிடா இருக்கும்?"

சொல்லாதே என்று உள்ளே ஒன்று தடுத்தது. ஆனால் அவள் காத்துக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருப்பாள்.

"நுங்கு மாதிரிக்கா. வழுவழுன்னு, குளுகுளுன்னு. லேசா அமுங்கும்."

அமுங்கும் என்று ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஆத்தாடி, செவுரு அமுங்குமா! தண்ணி?"

"தண்ணி இனிக்கும்."

"சத்தம்?"

"சத்தமே கெடையாதுக்கா. நாயி, காக்கா, பூச்சி, ஒண்ணும் கத்தாது. லிஃப்டு வந்து நின்னா மட்டும் டிங்குனு ஒரு மணி. அம்புட்டுத்தான்."

அந்தப் பக்கம் அக்கா மறுபடி முகர்ந்தாள்.

"அதான் பாத்தேன்," என்றாள். "ஒன் ஊரு வாசம் இங்கனயும் அடிக்குதுடா தம்பி."

போனை மறு காதுக்கு மாற்றினான். "என்னக்கா சொல்ற?"

"புதுச் செருப்பு வாசம். அன்னைக்கு நீ பேசி முடிச்சதும் அடுப்படில அடிச்சுச்சு. இப்ப வாசல்லயும் அடிக்குது. நல்லாத்தான்டா இருக்கு."

சொல்லிவிட வேண்டும். இப்போதே. என்ன இது என்று தெரியாது. ஆனால் அவன் வாயிலிருந்து கிளம்பியது அக்காவின் அடுப்படிவரை போயிருக்கிறது. உண்மையைச் சொன்னால் நின்றுவிடும் என்று பட்டது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத. நான் வந்து..."

அந்தப் பக்கம் வேறொரு குரல் குறுக்கிட்டது. பக்கத்து வீட்டு உக்கிரபாண்டி. "என்ன மதினி, சிங்கப்பூர்க்காரன்கூடப் பேச்சா? எங்களையெல்லாம் ஞாபகம் வச்சிருக்கானான்னு கேளுங்க!"

"அவனா மறப்பான்? ஏ, அவன் குடிக்கிற தண்ணியே இனிக்குதாம்ல!"

கண் போனபிறகு அக்கா இவ்வளவு சத்தமாகப் பேசி அவன் கேட்டதில்லை. தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டு போனுக்குத் திரும்பினாள்.

"என்னமோ சொல்ல வந்தியேடா?"

மாரீஸ்வரன் தலை குனிந்துகொண்டான், அவள் பார்க்கிறாள் என்பது போல. "ஒண்ணுமில்லக்கா. சாப்ட்டியான்னு கேக்க வந்தேன்."

போனை வைத்துவிட்டுக் குடத்துத் தண்ணீரை மொண்டு குடித்தான். எப்போதும் உப்புக் கரிக்கும் தண்ணீர். தொண்டையில் பாதி இறங்கியபிறகுதான் நாக்கு உணர்ந்தது. இனித்தது. துப்பினான். எச்சிலும் இனித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். சொரசொரப்பான சிமெண்டுக் கல் சுவர். சாய்ந்தால் முதுகில் குத்தும். இன்று குத்தவில்லை. தோள்பட்டை மெதுவாக, குளுமையாக, உள்ளே இறங்கியது. பதறி விலகினான். அவன் தோள் பதிந்த குழி ஒரு நொடி அப்படியே இருந்தது. பிறகு தானாக நிரம்பிக்கொண்டது.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில், அவன் கூப்பிடுவதற்கு முன்பே போன் அடித்தது. அக்காவின் நம்பர். பேசியது உக்கிரபாண்டியின் மருமகள் முருகலட்சுமி.

"அண்ணே, அக்காவக் காணோம்ணே."

"காணோம்னா?"

"மத்தியானம் வாசல்லதான் உக்காந்திருந்தாக. திடீர்னு, 'லிஃப்டு வந்துருச்சு, தம்பியப் பாத்துட்டு வாரேன்'னு எந்திரிச்சாக. கேலி பண்றாகன்னு நானும் சிரிச்சேன். தண்ணி எடுத்துட்டு வந்து பாத்தா ஆளு இல்ல. கிணறு, கம்மாய், காடு எல்லாம் தேடியாச்சு." அவள் அழுதாள். "ஒங்ககிட்டச் சொல்லி என்ன செய்ய? அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீக, பாவம்."

ரோட்டுக்குப் போய் பஸ்ஸைப் பிடித்தால் இன்று ராத்திரியே ஊரில் இருப்பான். அது அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தான்.

"லீவு கேட்டுப் பாக்குறேம்மா," என்றது வாய். "டிக்கெட் கெடைக்கணும்."

போனை வைத்தான். முகம் எரிந்தது. தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான். அப்போதுதான் கவனித்தான், அறைந்த சத்தத்தைத் தவிர வேறு சத்தம் எதுவும் இல்லை. கொட்டகையின் ஐஸ் மெஷின் ஓடவில்லை. ரோட்டில் வண்டி இல்லை. கருவேல மரங்களில் அடையும் காக்கைகள் இல்லை. நாள் முழுக்க, ராத்திரி முழுக்க, இந்தத் தீவில் யாரும் காதில் வாங்காமலே கேட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கடல் இல்லை.

டிங்.

கதவுக்கு வெளியே.

ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தான். கொட்டகை இல்லை. ரோடு இல்லை. வெளிச்சமும் இல்லை, இருட்டும் இல்லை. கண்ணுக்கு அந்த ஊர் எப்படி இருக்கும் என்று அக்கா கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. அதனால் அங்கே பார்க்க எதுவும் இல்லை.

வெறுங்கால் நடை. சுவரைத் தடவிக்கொண்டே வரும் விரல்கள்.

"தம்பி?"

மூச்சு வாங்கியது அவளுக்கு. "மாரி, எங்கனடா இருக்க? நீ சொன்ன மாதிரியேதான்டா இருக்கு. செவுரு அமுங்குது!" சிரித்தாள். "ஆனா எம்புட்டுக் கதவுடா. எல்லாம் கதவா இருக்கு. ஒங் கதவு எது?"

டக். டக். அவன் கதவில்.

"ஒரு சத்தம் குடுடா. போதும்."

ஒரு சத்தம். போதும். கதவைத் திறந்தால் அவள் கை முதலில் துருப்பிடித்த தகரத்தைத் தொடும். பிறகு அவன் சட்டையை. பிறகு ஐஸ் உடைத்துக் காய்த்துப்போன உள்ளங்கையை. எதையும் விளக்க வேண்டியிருக்காது. ஒரு தொடல். எல்லாம் தெரிந்துவிடும். தெருவுக்கே கேட்கும்படி பேசிய அந்தக் குரல் என்ன ஆகும்?

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். இரண்டு கையாலும்.

தட்டல் நின்றது. காத்திருந்தாள். நீண்ட நேரம்.

"இது இல்ல போல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விரல்கள் நகர்ந்தன. வலப்பக்கம். அடுத்த கதவுக்கு.

வலப்பக்கம் கதவு கிடையாது. வரிசையில் அவனுடையதுதான் கடைசி அறை. அப்பால் மணல்தான்.

டக். டக்.

திறந்தது.

"வாக்கா," என்றது ஒரு குரல். "ஏன் இம்புட்டு நேரம்?"

அவன் குரல். அவனுடையதேதான். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, யாருக்கும் ஒளியத் தேவையில்லாதவனின் குரல்.

அக்கா அழுதாள். சந்தோசத்தில். கதவு சாத்திக்கொண்டது.

இப்போதுகூடக் கத்தலாம். மாரீஸ்வரன் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. காதை மட்டும் சுவரில் வைத்தான்.

"எளைச்சுட்டியாடா? கிட்ட வா." அக்காவின் குரல். மிக அருகில். "ம்... நல்லாத்தான் இருக்க." பிறகு ஒரு சிரிப்பு. "கூசுதுடா. புடிச்சது போதும், விடு."

அமைதி.

"விடுடா."

அமைதி.

"தம்பி, இது யாரு கை?"

சுவர் லேசாக அசைந்தது.

"இதுவும் ஒங் கையா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இதுவுமா?"